பஞ்சு பறக்காத இரவு

மூன்று வருடம், பதினேழு ஊர்,
இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை
பாவாடை நாடாவில் இறுக்கிக் கட்டிக்கொண்டு
செசிலியாக நடந்தேன்.
இன்று நெடுங்காட்டு ரைஸ்மில் களத்தில்
தலையணைக்கு வேலையில்லை.
ஏழு மாதம். என்னுடையது.

தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் மேக்கப்.
கலியமூர்த்தி ஒயரை ஆணியில் சுற்றிக்கொண்டே கேட்டான்:
"கடைசி சீன் என்னா பண்ணப் போறீங்க?"
"அங்க வரும்போது பாத்துக்கலாம்."
"பஞ்சு பறந்தாத்தான் நான் லைட்ட அணைக்கணும்."
"பாத்துக்கலாம்டா."

கதை இவ்வளவுதான்.
அறுபத்திரண்டு ஆகஸ்டு தொடங்கி
காரைக்காலில் ஆறு மாதம் தவணை,
பிரான்ஸ்தான் வேண்டும் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்க.
செசிலியின் புருஷன் சொல்தா.
அல்ஜீரியாவிலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில்
ஒரே ஒரு வாக்கியத்தைப் பாடம்பண்ணச் சொல்லியிருந்தான்.
அரசலாற்றுப் பாலத்தின் மேல் அவள் போகிறாள்,
ழ சுயி ஃப்ரான்ஸேஸ், ழ சுயி ஃப்ரான்ஸேஸ்,
கடைக்கு அனுப்பிய பிள்ளை
புளி, உப்பு, மண்ணெண்ணெய் என்று
வழியெல்லாம் முணுமுணுப்பது மாதிரி.

"எங்கடி கெளம்பிட்ட?"
"மேரிக்கு."
"மாதா கோயிலுக்கா, இந்த வெயில்லயா?"
"கோயில் இல்லக்கா. முத்திரை குத்துற மேரி."

புதுச்சேரியில் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.
கும்பகோணத்தில் யாருக்கும் புரியவில்லை.
இங்கே ஒருவர் இருமினார்,
அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

பிறகு மேசை. குமாஸ்தாவும் நானே.
தோளைக் குறுக்கி, குரலை மூக்குக்கு ஏற்றி,
பேர், ஊர், தகப்பன் பேர்,
"வயித்துல இருக்கறதுக்கும் சேத்தா எழுதணும்?"

செசிலி குனிந்து பார்க்க வேண்டும்.
தலையணையை மிக அழகாகப் பார்ப்பேன் நான்,
பத்திரிகையில் அதைப் பற்றியே எழுதினார்கள்.
இன்று குனிந்ததும் உள்ளிருந்து ஓர் உதை,
இடது விலாவுக்குக் கீழே.
அடுத்த வசனம் போயே போய்விட்டது.

மூட்டைக்குப் பின்னால் என் பையில்
துலூசிலிருந்து அலெக்சி அனுப்பிய படிவம் இருக்கிறது.
"கான்சுலேட்ல பதிஞ்சுடு, பிள்ளைக்கு நல்லது."
போனில் சொல்லிவிட்டு, மாத்திரை போட்டாயா என்று கேட்டான்.
நல்லவன்தான்.
தகப்பன் பெயர் வரை நிரப்பிவிட்டேன்.
அதற்குமேல் பேனா எழுதவில்லை என்று
அவனிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

எப்படியோ பாலத்தைத் திரும்பக் கடந்தாள் செசிலி.
எப்படியோ கடைசிக் காட்சி.
முந்தானைக்குள் கைவிட்டு, தலையணையை உருவி,
பல்லால் கிழித்து உதறுவேன்.
பஞ்சு முன்வரிசைத் தலைகளில் இறங்கும்.
இருட்டு.
கைதட்டலை நான் இருட்டில்தான் கேட்டிருக்கிறேன்.

முந்தானைக்குள் கைவிட்டேன்.
உருவ ஒன்றுமில்லை.
சூடான தோல், கொஞ்சம் வியர்வை,
நாடா அழுத்திய தடம்.
லைட் எரிந்துகொண்டே இருந்தது.
நெல் அந்துகள் அதைச் சுற்றிப் பறந்தன,
அவற்றைக் கலியமூர்த்தி கணக்கில் சேர்க்கவில்லை.
எனக்கு எல்லா முகங்களும் தெரிந்தன.
மடியில் குழந்தை தூங்கும் பெண்,
செருப்பைக் கையில் வைத்திருந்த சிறுவன்,
செல்போனை மறந்து வாய் திறந்திருந்த மில் மேனேஜர்.
சுவருக்கு அப்பால்
வாய்க்காலில் நாலு நாளாய் வந்துகொண்டிருந்த தண்ணீர்
மதகுப் பலகையில் மோதும் சத்தம்.

சேலைக்கு மேலேயே தெரிந்தது இரண்டாவது உதை.
"ஐயோ, நெச வயிறுடி அது" என்றாள் ஒருத்தி.
"யாராச்சும் ஒரு சேர் போடுங்கப்பா."
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று
கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்தது.
உட்கார்ந்தேன். கால் வீங்கியிருந்தது.

செருப்புக்காரச் சிறுவன் கேட்டான்:
"அப்பறம்? எழுதிக் குடுத்தாங்களா, இல்லியா?"

கலியமூர்த்தி என்னைப் பார்த்தான்,
சுவிட்சில் வைத்த விரலை எடுக்காமல்.