புள்ளிக் கணக்கு

வயிரவன் செத்த செய்தி வந்தபோது
ஒரு டிராக்டர் பேட்டரிக்கு ஆசிட் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
நிறுத்தவில்லை.
பாதியில் விட்டால் செல் கெட்டுவிடும்.

எழுபத்தொன்பதில் நாங்கள் மூன்று பேர்,
பெயர் த்ரீ ஃபேஸ்.
பேஸ் வாசித்த ஆரோக்கியம் துபாய் போனவன் போனவன்தான்.
டிரம்ஸ் நான்.
கிட்டார் வயிரவன்.
கிள்ளானிலிருந்து அப்பச்சியின் பேரேடுகளோடு
ஒரே பெட்டியில் கப்பலேறி வந்த கிட்டார்.

ஐந்து பாட்டு, ஒரே கேசட், இருநூறு படி.
கண்டனூர் வீட்டில், இரண்டாம் கட்டில்,
சாமான் அறை வாசலில் வைத்து ராத்திரியில் பதிந்தோம்.
பகலென்றால் பங்காளிகள் ஏசுவார்கள்.
அவன் அடிக்கம்பியைத் தட்டினால்
உள்ளே பூட்டிக் கிடந்த அண்டா, குண்டான், தூக்கு, போணி
எல்லாம் சேர்ந்து உறுமும்.
துணி போட்டு மூடலாமா என்றேன்.
"விடுடா, அதுகளும் வாசிக்கட்டும்."

மூன்றாவது பாட்டு பாதியில் இருக்க
புதுவயலில் எவனோ ரைஸ்மில் மோட்டாரைப் போட்டான்.
பல்பு பழுத்தது.
ஆம்ப்ளிஃபயருக்குத் தொண்டை அடைத்தது.
டேப் மட்டும் ஓடியது, அது என் பேட்டரி.
கையிலிருந்த சுரத்தை அவன் விடவில்லை.
கம்பியை மேலே தள்ளி, இன்னும் தள்ளி,
கிணற்றில் நழுவும் வாளிக்கயிறு போல
இழுத்துப் பிடித்தான் கரண்ட் திரும்பும்வரை.
பதினோரு விநாடி.
நான் அடிக்க மறந்துபோனேன்.
நான் வாசித்ததிலேயே நல்ல இடம் அதுதான்.

அந்தப் பதினோரு விநாடியை
ஓஸ்லோவில் பழகுகிறார்களாம், பாண்டுங்கில் பழகுகிறார்களாம்.
அதற்கென்றே ஒரு பெடல் விற்கிறது.
காலால் மிதித்தால் புதுவயல் மில் ஓடும்.

அவனுக்கு அதில் காலணா வரவில்லை.
சினிமாவில் மூன்று மாதம், அப்புறம் சண்டை.
வில்லிவாக்கத்தில் மாடி அறை,
வரவேற்பு மேடைகள், குடி,
எனக்கு நாலாயிரம் பாக்கி.
கல்யாணம் ஆகாதவன் கோயிலில் புள்ளி இல்லை.
எந்த வரியிலும் சேராமல் அறுபத்திரண்டு வயது.
கேட்டால் கிட்டாரின் கழுத்தைக் காட்டுவான்:
"மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பதுல ஒத்தைப் புள்ளி,
பன்னெண்டுல ரெட்டை.
இவ்வளவு போதும்டா எனக்கு."

வீட்டைப் பாகம் பிரித்தார்கள், பதினாலு பங்கு.
சாமான்கள் லாரியேறின.
ஒரு அண்டாவை நான் எடைக்கு வாங்கினேன்.
கடையில் அதில் போல்ட்டு நட்டு கிடக்கிறது.

போன மாதம் பாண்டுங்கிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்:
கிட்டாருக்கு அடியில் ஏதோ உறுமுகிறதே,
அது என்ன கருவி?
பித்தளை என்று எழுதினேன்.
நிறைய வேண்டும்.
அறை பூட்டியிருக்க வேண்டும்.

மறுநாளே பதில்:
எந்தக் கம்பெனி?

போல்ட்டுகளைக் கொட்டிவிட்டு
அண்டாவின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.
புள்ளி புள்ளியாய்க் குத்தியிருந்ததை
அப்படியே எழுதி அனுப்பினேன்:
சித. உமையாள்.
அவன் ஆத்தா.