ஏழாம் மாதத்துப் பீப்பாய்

காக்கி புக்கிட், ஐந்தாம் மாடி.
சரக்கு மின்தூக்கி இன்று மூன்று பீப்பாய்களைத் துப்பியது.
இரண்டுக்கு வளையம் இறுக்கினால் போதும்.
மூன்றாவது ஒழுகுகிறது.

ஓட்டை இல்லை. வியர்வை மாதிரி,
அடிமூடி ஓரத்தில், மதியத்துக்குள் ஒரு கரண்டி.
"ஆறு வருஷ ரம், ஆன்ட்டி," என்கிறான் வெய் ஜியே,
"இந்த ஊர் வெயில் குடித்தது போக மீதி."
நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை.
மோந்து பார்த்தே முப்பத்தோரு வருஷம்.

ரம்மை இறக்கிவிட்டு வளையத்தைத் தட்டிக் கழற்றினேன்.
ஆணி கிடையாது, பசை கிடையாது;
ஒன்றையொன்று நெருக்கித்தான் நிற்கின்றன
இருபத்தொன்பது பலகைகளும்,
காலை எட்டு மணி ரயிலில் நாம் நிற்பதுபோல.
மூடியைத் திருப்பினால்
உட்புறத்தில் உளியால் கீறிய ஒரு 'ம'.

என் ம.
வலக்கால் நீண்டது.
இப்போதெல்லாம் நான் அப்படிப் போடுவதில்லை.

மூடி உட்காரும் காடிப் பள்ளத்தில்
கவராயத்தை நடக்கவிட்டேன்.
ஆறே எட்டில் கிளம்பிய இடத்துக்கு வரவேண்டும்.
வந்தது. அளவில் பிழையில்லை.
பள்ளம்தான், ஒரு சாண் தூரம்,
ஆழம் போதாமல்.

அந்தச் சாண் எனக்குத் தெரியும்.
பீப்பாய்க்கும் வயிறு, எனக்கும் வயிறு,
இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை.
கை எட்டாத இடத்தில் தோராயமாக இழுத்துவிட்டு
முடிந்தது என்றேன்.
அதே வாரம்தான் பலகை வளைக்க மூட்டிய தீ
கட்டடம் முழுக்க அலாரத்தை எழுப்பியது.
பாதுகாப்பு அதிகாரி முதலில் நாற்காலி போட்டார்,
உட்கார்ந்ததும் அபராதச் சீட்டை நீட்டினார்.

"யார் செஞ்ச வேலை?"
தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறான்.
"அவசரத்தில் இருந்த யாரோ."
"ரொம்ப மோசமா?"
"ஒரு சாண் மோசம்."

பள்ளத்தைச் சரியாக இழைத்தேன்.
காய்ந்த சம்பங்கோரையைப் பிளந்து இடுக்கில் வைத்தேன்
(கிராஞ்சியில் நிற்பதைத் தொடக்கூடாது, பலகை மாட்டியிருக்கிறார்கள்;
மூவாரிலிருந்து வருகிறது, கட்டு எட்டு வெள்ளி).
மூடியைப் பொருத்துமுன்
பழைய எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ம,
கால் குட்டையாக.
வெந்நீர் ஊற்றி உருட்டி
ஒரு கோப்பி ஓ குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்தேன்.
தரை காய்ந்தே கிடந்தது.

மூன்று பீப்பாய் என்று எழுதி
இரண்டுக்கு மட்டும் கூலி போட்டேன்.
"கணக்கு தப்பு, ஆன்ட்டி."
"சரிதான். அந்த ஒன்றுக்கு
அப்போதே வாங்கிவிட்டேன்."

மின்தூக்கிக் கதவு மூடும்வரை
பில்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.