பற்று வரவு

செக்காலை ரோட்டில் என் கடை.
ஜெராக்ஸ், பான் கார்டு, பட்டா நகல்,
இந்த வாரம் புதிதாக பெல்ஜியம்.

சேவுகன் ஆசாரி எதிரே உட்கார்ந்திருக்கிறார்
மரத்தூள் படிந்த செருப்பை வெளியே விட்டுவிட்டு,
ஏற்கெனவே இன்னொரு நாட்டுக்குள் வந்துவிட்டவர் மாதிரி.

கோத்தமங்கலத்தில் இடித்த வீட்டின் நிலைக்கதவு
மாசியிலேயே தூத்துக்குடியில் கப்பலேறிவிட்டது.
பதினேழு துண்டு. அதற்குக் கேட்டது ஒரே சான்று:
புகை போட்டுப் பூச்சி கொன்றதாக ஒரு முத்திரை.
எப்போது திரும்புவாய் என்று
கதவை யாரும் கேட்கவில்லை.
கழற்றி நம்பர் போட்ட கைதான்
வந்து பூட்டித் தரவேண்டும் என்கிறது
கெண்ட் நகரத்து அழைப்புக் கடிதம்.

விதிகளை வாசித்துக் காட்டுகிறேன்.
நூற்றெண்பது நாளுக்குள் தொண்ணூறு நாள்தான் தங்கலாம்.
"எட்டு நாள் வேலைம்மா."
அங்கிருந்து கிளம்பிய பிறகும் பாஸ்போர்ட்டுக்கு
மூன்று மாதம் உயிர் மிச்சமிருக்க வேண்டும்.
"எனக்கு?"
உங்களுக்கு முப்பதாயிரம் யூரோ காப்பீடு.
செத்தால் உடம்பை ஊருக்கு அனுப்பும் செலவும் அதில் சேர்த்தி.
"அப்ப எப்பிடியும் திரும்பிருவேன்ல.
இதுக்கு மேல என்ன அத்தாட்சி கேக்குறாக?"

குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம்.
அவருக்கு அப்படி ஒன்று இல்லை.
அப்பா பெயரைப் போட்டேன்: அடைக்கலம்.
நல்லவேளை,
அந்த ஊர் அதிகாரிக்கு அர்த்தம் தெரியாது.

பேங்க் ஸ்டேட்மெண்டில் வரவு கொஞ்சம்,
பற்று பக்கம் பக்கமாக.
வட்டிக்கு வாங்கிப் போட்ட இரண்டு லட்சம்
நடுவில் புதுமாப்பிள்ளை மாதிரி
யாரோடும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது.
சொந்த நாட்டின் மீது பற்று உண்டென்று நிரூபிக்கவும்
என்கிறது பட்டியல்.
ஐயா, பாருங்கள், எல்லாம் பற்றுதான்.
மகளின் பாலிடெக்னிக்குக்கு, நகைக்கடனுக்கு,
வாரம் தவறாமல் மகளிர் குழுவுக்கு,
ஒரே நாளில் நான்கு தரம் டீக்கடைக்கு
பன்னிரண்டு பன்னிரண்டாக.

சென்னையில் நடந்ததை அவர்தான் சொன்னார்.
முப்பது வருஷம் உளியும் உப்புத்தாளும் தின்ற விரல்.
கண்ணாடிமேல் வைத்தால் சிவப்பு விளக்கு.
துடைத்து வைத்தார், சிவப்பு.
எச்சில் தொட்டு வைங்க என்றாராம் பின்னால் நின்றவர்.
ஏழாவது தடவையில் மூன்று விரல் மட்டும்
இவர்தான் என்று ஒப்புக்கொண்டன.

இருபத்தோராம் நாள் கூரியர்.
ஒற்றைத் தாள், நிறையக் கட்டங்கள், ஒன்றில் டிக்:
விசா முடியுமுன் வெளியேறும்
உங்கள் எண்ணத்தில் எங்களுக்கு ஐயம்.
இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.
"எண்ணத்துலயா? கணக்குல இல்லையே?"
இல்லை என்றேன்.
"சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கதவை வீடியோ காலில் பூட்டினோம், என் மேசையிலிருந்து.
ஆங்கிலம் என்னுடையது, விரல் அவருடையது.
நாலாம் நம்பரை எடுக்கச் சொல்லு.
குடுமி குழியில இறங்கட்டும்.
அடிக்க வேணாம், தட்டணும், ம்ம், இன்னும்.
இங்கே கத்திரி வெயில். அங்கே அவர்கள் தோளெல்லாம் மழை.
கடைசித் துண்டு உட்கார்ந்ததும்
வெள்ளைக்காரர் ஒருமுறை திறந்து மூடிக் காட்டினார்,
இரண்டு கையும் கூப்பினார்.

ஆசாரி திரைக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"தாப்பாள வெளிப்பக்கம் மாட்டிட்டானுக."

சொல்லவா என்றேன்.
யோசித்தார். வேண்டாம் என்று கையாட்டினார்.

முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து மில்லிமீட்டர்,
வெள்ளைப் பின்னணி, சிரிக்கக் கூடாது:
எட்டில் ஆறு படம் என்னிடமே கிடந்தது.
அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டார்,
இந்த மூஞ்சி ரேஷன் கார்டுக்கு ஆகுமா என்று.