ஈரம் கழித்து

தெம்பனிஸில் ஒரு பாலை இருக்கிறது,
வேலி போட்ட பாலை.
மழை ஊரில் ஏது பாலை என்பவர்கள்
எதிர் புளோக்கின் பத்தாம் மாடிப் படிக்கட்டில்
உச்சிவேளை நின்று பார்க்கலாம்.
மணல் குன்று குன்றாய்க் கானல் விடும்.
பறந்துவிடாமலிருக்க
நாளுக்கு இரண்டு முறை நீர் தெளிக்கிறோம்.

எனக்கு எடைமேடை வேலை.
லாரி ஏறும். எண் நடுங்கி நிற்கும்.
ஈரத்துக்கு ஏழு சதவீதம் கழிப்பேன்.
யாருடைய ஈரம் என்று கேட்கப்
படிவத்தில் கட்டம் இல்லை.

முன்பு இங்கேயே தோண்டினார்கள்.
பள்ளத்தில் மழை நின்று குளமாயிற்று.
பிடோக்கில் குன்றுகளைச் சீவினார்கள்;
ஓடும் பட்டையில் ஏறி
மலை கடலுக்குப் போனது.
அந்தக் கடலில்தான் என் வீடு,
மரீன் பரேட், ஐந்தாம் மாடி.
நம் மலை தீர்ந்ததும்
அடுத்தவர் கரை.

சக்கரம் கழுவும் இசக்கிதாசன்
தேரிக்காட்டு ஓரத்துக்காரன்.
சிவந்த மணல்மேடு, அப்பால் கடல்,
நடுவில் தாது மணல் அள்ளும் கம்பெனி.
"மொதல்ல மணல ஏத்துனான், பொறவு என்னைய"
என்பான். சிரிக்கமாட்டான்.
ஒருநாள் லாரியின் பின்பலகையில் விரல் தொட்டு
நாக்கில் வைத்தான்.
"யக்கா, இது ஆத்து மணல் இல்ல. கரிக்கி."
காகிதம் ஆறு என்றது.
முத்திரை சரி, தேதி சரி.
பின்னால் ஆறு லாரிகள் ஹாரன் அடித்தன.
ஆறு என்றே தட்டினேன்.

குறிஞ்சியைச் சீவி நெய்தலைத் தூர்த்தால்
கிடைக்கும் நிலத்துக்கு என்ன பெயர்?
அதற்கு எந்தப் பூ, எந்தப் பறை,
அங்கே யார் யாரைப் பிரிந்து வாடுவது?
தமிழ் வகுப்பில் இதை யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

பறவை மட்டும் தெரியும்.
நீலக் கழுத்துப் பஞ்சுருட்டான்.
ஏப்ரலில் வந்து
வடக்குக் குவியலின் சரிவில்
கை நுழையும் அளவுக்கு வளை தோண்டியது.
மறுநாள் அந்தக் குவியலை அள்ள உத்தரவு.
ஷவல் ஓட்டும் ஹஸ்பி
இறங்கிப் போய்ப் பார்த்தான்,
ஒரு ஆரஞ்சுக் கூம்பை நட்டுவிட்டு
தெற்குக் குவியலுக்குத் திருப்பினான்.
அங்கே மணல் போதவில்லை.

மாதக் கடைசியில் அலுவலகம் கேட்டது:
அனுப்பியதில் நாற்பது டன் எங்கே?

காரணம் என்ற கட்டத்தில்
ஈரம் என்று எழுதினேன்.