மூன்றாவது குழாய்

திங்கள் இரவு பதினொன்றே காலுக்கு
முதல் குழாய்.
நிதர்சினி, இருபத்தாறு, ஐந்தாம் வாட்டு, பிரசர் கூட.
எழுத்து, கோழி கிளறினது போல.

கரண்ட் போய் ஜெனரேற்றர் உறுமியது.
மெசின் விழித்துத் தன்னைத் தானே கழுவி
கொஞ்சம் யோசித்துச் சொன்னது:
ஈரல் பிழையில்லை.
தசை நொதியம் எண்பத்தெட்டு.
அல்கலைன் பொஸ்பற்றேசு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு.
அதில் முக்கால்வாசி அவளுடையதல்ல,
நச்சுக்கொடி சமைத்து
அவளுக்குள் ஊற்றியது.

புதன் காலை இரண்டாவது.
இடையில் பதினேழு மணித்தியால நோ,
ஒரு பெண்பிள்ளை.
நான் பார்க்கவில்லை. எனக்கு வருவது
மூடி போட்ட நாலு மில்லிலீற்றர், இளஞ்சூட்டில்.
தசை நொதியம் ஆயிரத்து நூற்று நாற்பது.

புது டொக்டர் போன் எடுத்தார்.
மெசின் பிழையோ? இதயமோ?
ரெண்டுதரம் ஓட்டினனான் சேர்.
ட்ரோபொனின் இல்லை.
கருப்பையும் தசைதானே சேர்,
தொடையும், தோளும்,
கட்டில் கம்பியைப் பிடிச்ச கையும்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

ஆயிரத்து நூற்று நாற்பது.
எட்டாம் மாதம் வரை கச்சான் பிடுங்கினவளாம்.
அப்போதும் இவ்வளவு கசிந்திராது.

அம்மா என்னைப் பெற்றது
தொண்ணூற்றாறு புரட்டாதியில்,
அக்கராயனில் ஒரு வகுப்பறை, கரும்பலகைக்குக் கீழே.
விடிய எழும்பி நடந்தவ.
ஒரு கையில் நான், மற்றதில் கேத்தில்,
மல்லாவி மட்டும்.
அந்த இரத்தத்தை யாரும் எடுக்கவில்லை.
எத்தனை ஆயிரமோ.
கேட்டால்,
"கால் கொஞ்சம் உளைஞ்சது" என்பா.

சனிக்கிழமை மூன்றாவது.
தசை நொதியம் நூற்றெழுபது.
கதவு பூட்டின பிறகு இரணைமடு வாய்க்காலில்
கல்லில் ஈரக்கோடு இறங்குமே, அப்படி.
மற்றது முந்நூற்றுப் பத்து. அது ஆறுதலாய்த்தான் போகும்,
கிழமைக்குப் பாதி, பிறகு பாதியின் பாதி.
செவ்வாயே நச்சுக்கொடி
ஆஸ்பத்திரிக் குழிக்குள் போயிற்று.
சமைத்தது மட்டும் அவளுக்குள்
இன்னும் சுற்றித் திரிகிறது.

புருசன்காரன் வந்தான், டிப்பர் மணல் காலோடு.
தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து,
"இதென்ன மிஸ், மேல பாக்கிற அம்புக்குறி?"
சொல்ல எனக்கு அனுமதியில்லை.
டொக்டரைக் கேளுங்கோ, என்றேன்.
நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்,
மணல் பெர்மிட்டோடு.

மிச்ச இரத்தம் குளிர்ப்பெட்டியில்,
இரண்டாம் தட்டு.
ஏழு நாள் வைக்கவேண்டும்.