சிவப்பு மை

ஆயிரம் தாளுக்கு
ஒரு டாலரும் மூன்றில் ஒரு பங்கும் கூலி.
கூலியும் அதே தாளில்தான்.

பிலடெல்ஃபியா, ஃப்ரண்ட் தெரு,
மாடியறையில் நீள மேசை.
இந்த முனையில் நான், சிவப்பு மை.
அந்த முனையில் பார்னபஸ் ட்ரூயிட், கறுப்பு மை.
நடுவே
அச்சு ஈரம் காயாத ஒரு தேசம்.

முதல் வாரம் நிறுத்தி எழுதினேன்,
எலைஷா டன்ஸ்கோம் என்று முழுசாக,
கடைசி எழுத்துக்கு ஒரு வால் சுழித்து.
கல்யாணப் பதிவில்கூட
என் பேர் அத்தனை அழகாய் இருந்ததில்லை.
இரண்டாம் மாதம் வால் போயிற்று.
கோடைக்குள் எலைஷா போனான்.
பிறகு ஒரு கொக்கி, ஒரு கோடு,
காற்றடித்த நூல்.
யாரும் கேட்கவில்லை.
பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டியிருந்தது,
தாளுக்கு அவசரம்.

ஆறு டாலரில் ஒரு பீவர்
மரத்தடியைக் கொறித்துக்கொண்டே இருக்கும்.
விடாமல் செய், என்று லத்தீனில் வாசகம்.
எழுபத்தாறில் பார்த்தபோது
மரம், இங்கிலாந்து ராஜா.
எழுபத்தொன்பதில் பார்த்தேன்.
மரம், எங்கள் வீட்டு அடுப்படி.

மெஹிதபெல் உப்புக்குப் போனாள்.
கிராம்லிக் கடையில் விலை இப்போது
சாக்கட்டியில்; பக்கத்தில் ஈரத்துணி.
"நான் வரிசையில் நிற்கும்போதே
இரண்டு தரம் துடைத்து எழுதினான்" என்றாள்.
தாளைத் திருப்பிப் பார்த்தானாம் அந்த ஜெர்மன்காரன்.
"இது உன் புருஷன் கைதானே?
தாள் வேண்டாம்.
கையை அனுப்பு, பீப்பாய் உருட்டட்டும்."

போனேன்.
பதினோரு பீப்பாய். ஒரு படி உப்பு.
விரலிடுக்கில் இருந்த சிவப்பு
அன்று வியர்வையில் கரைந்தது.

அந்த வாரம்தான் மைத்துனன் ஃபினியஸ் வந்தான்,
சிரித்த முகமாய்.
போருக்கு முன் அவன் வாங்கியது
நாற்பது ஸ்பானிய வெள்ளி,
கடித்தால் பல்லுக்குப் பதில் சொல்லும் வெள்ளி.
நாற்பது தாளாய் எண்ணி வைத்தான்.
சட்டம் அவன் பக்கம்.
மேல் தாளில் என் கொக்கி.
என்ன சொல்லி மறுப்பேன்,
என்னை நானே?

கள்ள நோட்டு விசாரிக்கும் கமிட்டி ஒருநாள்
இரண்டு தாளை நீட்டிக் கேட்டது: எது உன்னுடையது?
ஒன்றில் முழுப்பேர், நிறுத்தி எழுதியது,
கடைசி எழுத்தில் வாலும் சுழியும்.
நியூயார்க்கில் எதிரி அச்சடித்ததாம்.
நான் கொக்கியைத் தொட்டேன்.
மற்றதைப் பார்த்தபடியே இருந்தேன்.

எண்பத்தொன்று, மே.
ஊர்வலம் போனார்கள், தொப்பியில் தாள் சொருகி.
முன்னால் ஒரு நாய்,
உடம்பெல்லாம் தார், தார்மேல் டாலர்.
பிள்ளைகள் கல்லெறிய
ஜனம் சிரித்தது; நானும் சிரித்தேன்,
இடது காதோரம்
அந்தச் சிவப்புக் கொக்கியைப் பார்க்கும்வரை.
பேர்போனவன் என்பார்களே,
இரண்டு அர்த்தத்திலும் நான்தான்.

இருட்டியதும் எங்கள் கொல்லையில் வந்து நின்றது அது.
வேறு வீடே கிடைக்கவில்லையா என்றாள் மெஹிதபெல்,
என்றபடியே பன்றிக்கொழுப்பை எடுத்து வந்தாள்.
விளக்கு அவள் கையில். நாய் என் மடியில்.
ஒவ்வொன்றாய் ஊறவைத்து உரித்தோம்.
எட்டு டாலர் முடியோடு வந்தது.
முப்பது டாலர் தோலோடு.
காகிதத்தில் கலந்திருந்த மைக்காத் துகள்
விளக்கொளியில் மினுங்கிற்று,
இன்னும் ஏதோ மதிப்பிருப்பதுபோல.
நாய் ஒருமுறை கடித்தது.
சரியான கையைத்தான் கடித்தது.

மறுநாள் கொழுப்பு தீர்ந்திருந்தது, உப்பும்.
கிராம்லிக்கிடம் கடன் கேட்டேன்.
கட்டுப்போட்ட கையை ஒரு நிமிஷம் பார்த்தான்.
உப்பை அளந்தான், தட்டாமல், குவித்து.
பழக்கதோஷம்,
கணக்குப் புத்தகத்துக்கும் பேனாவுக்கும் கை நீட்டினேன்.

"வேண்டாம்" என்றான்.
"தருகிறேன் என்று வாயால் சொல்.
கையெழுத்து மட்டும்
போடாதே."