நான்கு வினாடி

போர்வெனீரில் மீன்பிடி உரிமத்தை
இனி கணினியில்தான் புதுப்பிக்க வேண்டுமாம்.
எதெல்மிரா தன் திரையையே பதிவு செய்து
எங்கள் உள்ளூர்ச் சானலுக்குக் கொண்டுவந்தாள்.

தொலைக்காட்சி ஓரங்களைத் தின்னும்.
வலது மூலையில் இருந்த 'சேமி' பொத்தானில்
பாதியைக் காணோம்.
மெல்லிய கோடுகள் நடுங்கின.
எழுத்துகளோ கடுகு:
மதுக்கடையின் கடைசி மேசையிலிருந்து யார் படிப்பார்?
கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினேன்,
சுட்டிக்கு ஒரு மஞ்சள் வட்டம் போட்டேன்.

மாதிரிக்குத் தன் விவரங்களையே நிரப்பியிருந்தாள்.
பெயர். பிறந்த நாள்.
படகின் எண், அது எலியோதோரோவுடையது.
'மண நிலை'க்கு வந்ததும்
சுட்டி நின்றது.
பட்டியல் விரிந்தபடி
அம்பு அசையாமல்
நான்கு வினாடி.
பிறகு, 'கைம்பெண்'.

வெட்டத்தான் கத்தரியை வைத்தேன்.
அவள் பின்னால் நின்று
ஈரக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
விட்டுவிட்டேன்.

வியாழன் இரவு ஒளிபரப்பு.
மதுக்கடையில் நண்டு பிடிப்பவர்கள்,
மடியில் நோட்டு, வாயில் பேனா மூடி.
சுட்டி நின்றதும் பெர்னாபே சொன்னான்:
"பாரு, நாம எழுதி முடிக்கட்டும்னு
நிறுத்தி வச்சிருக்கா."
எல்லாரும் குனிந்து எழுதினார்கள்.

மறுநாள் எதெல்மிரா கேட்டது ஒன்றுதான்:
'சேமி' முழுசாகத் தெரிந்ததா?